எல்லை மீறாத விஜயராகவன்

சமூகப் பணியின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் அதை இரண்டு யுகங்களாகத்தான் பிரித்தாக வேண்டும்: தீர்ப்புக்கு முன், தீர்ப்புக்குப் பின். கோபாலபுரத்தில் இருக்கும் 'அணைப்பு' குடும்ப நல மையம் இரண்டாம் யுகத்தின் பொற்காலத்தில் இருந்தது.

எங்கோ ஓர் ஊரில் ஒரு பணியாளர் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் தலையை விட்டு, "விட்டுக்கொடுத்துப் போங்க" என்று சொல்லிவைக்க, விவகாரம் நீதிமன்றம் ஏறிவிட்டது. 'பணியாளர் தம் எல்லையை மீறக் கூடாது' என்றது தீர்ப்பு. அந்த ஒரு வரி வாட்ஸப்பில் வந்த அன்றே மையத்தின் இயக்குநர் தீபிகா அவசரக் கூட்டம் போட்டார்.

"எல்லை எதுன்னு தீர்ப்புல இருக்கா மேடம்?" என்று கேட்டார் பணியாளர் விஜயராகவன்.

"முழுசா யாரு படிச்சா? எல்லை தெரியற வரைக்கும் நடுவுலயே நிக்கறதுதான் சேஃப்."

விஜயராகவன் நின்றார். முதுகலைப் பட்டதாரி, சட்டம் என்றால் உயிர். அன்றிலிருந்து அவர் யாரையும் தொடுவதில்லை. அழுகிறவர்களுக்கு டிஷ்யூ நீட்டுவதில்லை. எட்டும் தூரத்தில் வைப்பதோடு சரி. "கவலைப்படாதீங்க" என்பதைக்கூட விட்டுவிட்டார். அது வாக்குறுதி ஆயிற்றே! அப்புறம் அவர்கள் கவலைப்பட்டால் யார் பொறுப்பு?

இந்த மகான் கையில்தான் அப்துல் கய்யூம் பாயின் வழக்கு வந்து விழுந்தது. பாய்க்கு தி. நகரில் பெட்டிக்கடை அல்ல, பயணப் பெட்டிகள் விற்கும் பெரிய கடை. அங்கே ஏசி மாட்டுவதற்காக மகன் காஷிஃப் அப்பாவின் நாற்காலியை மூலைக்குத் தள்ளப்போக, வாய்த் தகராறு முற்றியது. பெரியவர் கோபித்துக்கொண்டு பெருங்குடி முதியோர் இல்லத்தில் போய் உட்கார்ந்தார். மகன்மேல் முதியோர் நலத் தீர்ப்பாயத்தில் மனுவும் போட்டார். விசாரணையில் இருவரும் கத்தின கத்தலைக் கேட்டுத் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது: அடுத்த வாய்தா வரை ஞாயிறுதோறும் 'அணைப்பு' மையத்தில், பணியாளர் முன்னிலையில், சந்திப்பு.

சில ஞாயிறுகள் இருவரும் சுவரைச் சந்தித்தார்கள். ஒரு ஞாயிறு காஷிஃப் வாயைத் திறந்தான்.

"அத்தா, ஒன் நாற்காலிய ஏசிக்கு நேரா போட்டுட்டேன். குளுகுளுன்னு கீது. நீ இல்லாம கட கடையாவே இல்ல. வா, வூட்டுக்குப் போலாம்."

பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்தார். விஜயராகவனும் தன்னையறியாமல் பாதி எழுந்துவிட்டார். இப்படி ஒரு நாளுக்காகத்தானே இந்த வேலைக்கே வந்தார்! ஆனாலும் சமாளித்துக்கொண்டார்.

"உத்தரவுல 'சந்திப்பு'ன்னுதான் இருக்கு. கூட்டிட்டுப் போறது இல்ல. உக்காருங்க."

"இன்னா சார் சொல்றீங்க? என் அத்தாவ நான் கூட்டினு போறேன்."

"சமாதானம் ஆகறதுக்கு இன்னும் ஆர்டர் வரல."

"சண்ட போட மட்டும் ஆர்டர் வாங்கியா போட்டோம், நைனா?" என்றார் பாய்.

விஜயராகவன் மையத்தின் சட்ட ஆலோசகர் சுப்பராமனுக்குப் போன் போட்டார். மயிலாப்பூரிலிருந்து குரல் பதறியது.

"சேரவிட்டுடாதீங்கோ! நாளைக்கு அவா ஆத்துல மறுபடி சண்டை வந்தா, சேத்துவெச்சது யாருன்னு நம்ம தலையிலன்னா விடியும்!"

விஜயராகவன் போனை வைத்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "அடுத்த வாய்தா வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தயவுசெஞ்சு கொஞ்சம் கோவமாவே இருங்க."

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரொம்ப நாளைக்கப்புறம் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வெளியே நடந்தார்கள்.

படிக்கட்டில் பாய்க்குக் கால் இடறியது. பக்கத்தில் இருந்த விஜயராகவனின் கை தானாக நீண்டது. பாதி வழியில் அதற்குத் தீர்ப்பு ஞாபகம் வர, சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. காஷிஃப்தான் பாய்ந்து இடுப்பில் பிடித்தான்.

பாய் மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தார். "கை நல்லாத்தானே கீது சார்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அவர்கள் ஏறிய ஆட்டோ போன பிறகு விஜயராகவன் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. பிறகு அந்தக் கையாலேயே அறிக்கை எழுதினார்: 'மேற்படி தந்தையும் மகனும் முன் அனுமதியின்றி ஒன்று சேர்ந்துவிட்டனர். இதற்கு இம்மையம் எந்த வகையிலும் உதவவில்லை.'

படித்த தீபிகா பூரித்துப்போனார். "கடைசி வரி பிரமாதம் சார்! இதுக்கு மேல எவன் நம்ம மேல கேஸ் போட முடியும்? இனிமே எல்லா ரிப்போர்ட்லயும் இதையே போட்டுடலாம்."

போட்டார்கள். இன்றுவரை ஒரு வழக்கில்கூட அது பொய்யானதில்லை.