ஜீப்புக்கு வந்த தும்மல்

புதூர்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மூக்குகளின் திருவிழா. ஒழுகும் மூக்கு, அடைத்த மூக்கு, சிவந்த மூக்கு எல்லாம் வரிசையில் நிற்கும். அடிவாரத்திலிருந்து மூக்குச்சாமி வருவார். மூங்கில் குழாயை நாசியில் வைத்து ஓர் உறிஞ்சல். பித்தளைத் தட்டில் ஒரு தட்டு. பொலபொலவென்று புழு விழும். தும்மல் புழுவாம்! ஊரே குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். புழுவைக் கும்பிட்ட பெருமை வேறு எந்த ஊருக்கு உண்டு?

அன்று வரிசையில் ஈஸ்வரியும் நின்றாள். மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவள். சாமைக் கதிர் அடிக்கும் தூசி பட்டால் அவளுக்கு வரிசையாகப் பத்துத் தும்மல். போன வாரம் வளைவில் நாலாவது தும்மலுக்கு ஜீப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஏறியிருந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் சாவியை வாங்கிக்கொள்வதாக ஜீப்பின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

அலர்ஜி மாத்திரை சிலருக்குத் தூக்கம் தரும், வண்டி ஓட்டுகிறவளுக்கு ஆகாது என்று டாக்டர் மூக்கு ஸ்பிரே கொடுத்திருந்தார். இரண்டு நாள் அடித்தாள். தும்மல் நிற்கவில்லை, மூக்கில் ரத்தம் வந்தது. விட்டுவிட்டாள்.

"அது ஸ்டீராய்டும்மா," என்றார் சாமி, அவள் கையிலிருந்த ஸ்பிரேயைப் பார்த்து. "உடம்பு பூசணிக்கா மாதிரி ஊதிடும். எடுத்து என் காலடில வை."

வைத்தாள். உறிஞ்சினார், தட்டினார். ஐந்து புழு. உடனே ஈஸ்வரிக்குப் பதினோரு தும்மல்.

"அது குஞ்சுப் புழு," என்றார் சாமி அசராமல். "அடுத்த ஞாயிறு ஒரு சேவலோட வா."

அடுத்த மூக்குக்காகத் தயாராக இருந்த குழாயை ஒரு கை எடுத்தது. ஊசி போட வந்த நர்ஸ் தேவயானி.

"சாமி, ஈஸ்வரிய வுட அவ ஜீப்புதான் ரொம்ப இருமுது. அதுக்கும் எடுத்து வுடுங்க."

"ஜீப்புக்கு ஏதும்மா மூக்கு?"

"பாத்துருவோம்."

குழாயை, ஓரமாக நின்ற ஜீப்பின் முன்பக்கக் கம்பிமேல் வைத்தாள். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. அதைப் பானெட்டில் ஓங்கித் தட்டினாள். ஆறு புழு விழுந்தது, கூடவே குழாய்க்குள் அவற்றை அடைத்துவைத்திருந்த கொஞ்சம் பஞ்சும்.

புளி உடைக்கும் பாஞ்சாலை கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "இன்னாடி இது, எங்க வூட்டுப் புளி மூட்டைல கீற புழு. நேத்துகூட மொறத்துல பொறுக்கிப் போட்டேனே."

"அப்ப போன வாரம் உன் மூக்குலருந்து வந்தது?" என்றாள் ஈஸ்வரி.

"அதுவும் இதான். வெளக்கு வேற ஏத்துனேன்."

சாமி பையைச் சுருட்டினார். கீழே போக அந்த நேரத்துக்கு ஒரே வண்டிதான். ஈஸ்வரி கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க சாமி. தும்மலத்தான் எடுத்துட்டீங்களே, இன்னா பயம்?"

சாமி ஜீப்பைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், நடையைக் கட்டினார்.

தேவயானி ஸ்பிரேயைத் துடைத்துக் கொடுத்தாள். "எப்டி அடிச்ச, காட்டு."

ஈஸ்வரி அண்ணாந்து, மூக்கின் நடுச்சுவரைப் பார்த்துக் குறிவைத்தாள்.

"அதான் ரத்தம். குலுக்கு. தலையக் கொஞ்சம் குனி. இடது மூக்குக்கு வலது கை. முனைய காதுப் பக்கமா சாச்சு அடி. வேகமா உறியாத."

"ரெண்டு நாளு அடிச்சும் நிக்கலியே."

"தலவலி மாத்திரையா இது? தெனமும் அடிக்கணும். முழுசா கேக்க ரெண்டு வாரங்கூட ஆவும்."

"ஸ்டீராய்டுன்றாரே."

"ஸ்டீராய்டுதான். கம்மி அளவு, பெரும்பாலும் மூக்கோட நின்னுடும். டாக்டர் சொன்னத தாண்டாத. மறுபடி ரத்தம் வந்தா நிறுத்திட்டு வந்து காட்டு. தும்மல் நிக்கிற வரைக்கும் ஸ்டீரிங்கத் தொடாத."

மூன்றாவது வாரம் ஈஸ்வரி ஓட்டினாள். சாலையில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே வளைவு. முன்சீட்டில் பாஞ்சாலை கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜீப் திரும்பியது. தும்மல் வரவில்லை.

"சாமி வந்தா சொல்லு," என்றாள் பாஞ்சாலை, "எங்க வூட்டுல ஒரு மூட்ட புளி கீது. புழு எடுக்க ஆளில்ல."

தட்டில் விழுந்த புழுவைப் பார்க்க இத்தனை வாரம் குனிந்த ஊர், ஒருமுறை அந்தக் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்திருக்கலாம். அடைத்த மூக்குக்கு மருந்து இருக்கிறது. அடைத்துவைத்த மூளையை அவரவர்தான் திறக்க வேண்டும்.