உடுவிலில் இருந்து மலையேறிய மாப்பிள்ளை

உடுவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த வினிபிரட் அக்காவுக்கு, தம்பி எட்வேர்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தேகசுகம். உங்களுடைய சீனி வருத்தமும் அத்தானுடைய முழங்கால் நோவும் தணிந்திருக்க வேண்டுமென்று இரவுச் செபத்தில் நினைத்துக்கொள்கிறோம். இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் கதைத்தால் என் மனைவி பக்கத்தில் நின்று தானும் கதைப்பாள். வட்ஸ்அப்பில் போட்டால் குடும்பக் குழுவில் இருக்கிற அவ்வளவு பேரும் ஆளுக்கொரு கைகூப்பும் படம் அனுப்புவார்கள். அதனால் லீவு முடிந்து வியாழக்கிழமை சுவிசுக்கு, உங்கள் பேர்ணுக்குத் திரும்புகிற கிறிஸ்ரோபரிடம் கொடுத்துவிடுகிறேன். உறையை நன்றாகவே ஒட்டியிருக்கிறேன்.

சுகமில்லாத அந்த ஒருவர், நீங்கள் எங்கள் மகள் நிஷானிக்குப் பேசி அங்கேயிருந்து அனுப்பிய மாப்பிள்ளை றொஷான்தான். பயப்படாதீர்கள், கஞ்சி குடிக்கிறார். நீங்கள் போன மாதம் என்ன சொன்னீர்கள்? பெடியன் தங்கமான பெடியன், குடி இல்லை, புகை இல்லை, ஒரே ஒரு பைத்தியம் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரமாக மலையேறி மலையிறங்கிச் சைக்கிள் ஓடுகிறவர், பெண் பார்க்க வரும்போதும் சைக்கிளைப் பெட்டியில் கொண்டுவருகிறார், நீ படவரைஞனாக இருந்தவன்தானே, மலையும் ஆறும் வருகிற மாதிரி நல்ல பாதை ஒன்று கீறி அனுப்பு என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை மலையேறினால் ஆராதனைக்கு எப்போது போகிறார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மலையும் இல்லை ஆறும் இல்லை என்பதையும் சொல்லவில்லை. அக்கா, நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர். உடுவிலில் எந்த மலையைக் கண்டீர்கள்? கீரிமலையில் கீரியைக்கூடக் கண்டிருக்கிறேன், மலையைக் கண்டதில்லை. ஆனால் மாப்பிள்ளை பகுதி கேட்ட முதல் காரியத்துக்கே இல்லை என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? ஓம் என்று சொல்லிவிட்டு மேசையில் இருந்து கீறத் தொடங்கினேன்.

நான் பொய் கீறவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். முப்பது வருடம் நில அளவைக் கந்தோரில் படம் கீறிய கை இது. உயரத்தைக் காட்ட நாங்கள் கோடு கோடாக வளைத்துக் கீறுவோம், கோடுகள் நெருங்கினால் மலை என்று அர்த்தம். வழமையாக இத்தனை அடிக்கு ஒரு கோடு என்று கணக்கு. நான் ஒரு சாணுக்கு ஒரு கோடு போட்டேன். அவ்வளவுதான். அதையும் படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் எழுதித்தான் இருந்தேன். உடனே தெல்லிப்பழைக் குளக்கட்டு பார்க்கப் பயங்கரமாக வந்தது, தொண்டைமானாற்றுப் பாலத்தைப் பார்த்தால் ஏறுவதற்கே தலைசுற்றும். வழுக்கையாற்றுக்கு நல்ல நீலமை பூசினேன்.

போன சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். மாப்பிள்ளை தன்னுடைய சைக்கிளில், அது காற்றடித்தால் பறக்கிற பாரம். நிஷானி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிற தன்னுடைய லேடீஸ் சைக்கிளில், முன்னுக்குக் கூடையோடு. இரண்டு பேரையும் தனியே விடக்கூடாதென்று என் மனைவி சொன்னதால் நான் பின்னால் மோட்டார்சைக்கிளில். முதலில் வழுக்கையாறு வந்தது. மாரி வந்தால்தான் அது ஆறு. இப்போது நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆறு எங்கே என்று மாப்பிள்ளை கேட்டார், நான் ஆட்டைக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நல்ல வடிவு என்றார். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அந்த மரியாதைதான் பிறகு குடியைக் கெடுத்தது.

தெல்லிப்பழையில் எங்கள் பெரியம்மாவின் மகன் செபநாயகம் அண்ணைக்கு மட்டும் முதல்நாள் சொல்லியிருந்தேன். சொல்லாமல் அவருடைய கேற்றைத் தாண்டிப் போனால் கோபம் என்று நினைத்து நிஷானியின் கலியாணத்துக்கே வரமாட்டார். ஒரு தேத்தண்ணி மட்டும் என்று சொன்னேன். தேத்தண்ணியோடு இடியப்பமும் சொதியும் முட்டைப் பொரியலும் இருந்தன. அதோடு விட்டார்களா? மாப்பிள்ளை போட்டிருந்த இறுக்கமான கட்டைக் காற்சட்டையைப் பார்த்த செபநாயகம் அண்ணையின் மனைவி, பிள்ளை அவசரத்தில் உடுப்பை மறந்துவிட்டு வந்துவிட்டதாக்கும் என்று இரங்கி, அண்ணையின் புதுச் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினா. மாப்பிள்ளை எழும்பி நின்று இரண்டு கையாலும் வாங்கி அதை உடுத்துக்கொண்டார். நாங்கள் கேற்றைத் தாண்ட முதலே அந்த மனுசி போனை எடுத்துக் கரையோரம் முழுவதுக்கும் அறிவித்துவிட்டா. அதற்குப் பிறகு பாதை என்னுடையதாக இல்லை. சந்திக்குச் சந்தி ஒரு சொந்தம் கேற்றைத் திறந்து கதிரையைப் போட்டுக்கொண்டு நின்றது. ஒரு வீட்டில் பாலப்பம், ஒரு வீட்டில் பயற்றம் பணியாரம், ஒரு வீட்டில் புட்டும் மீன் குழம்பும். ஒரு வீட்டுக்குப் போய் அடுத்த வீட்டுக்குப் போகாமல் விடலாமா? வல்வெட்டித்துறையில் என்னோடு வேலைசெய்த நீக்கிலாப்பிள்ளை சொந்தமே இல்லை, அவரும் நண்டும் இறாலும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சி, குடிக்கப் பனையோலைப் பிளாவை மடித்து வைத்துக்கொண்டு றோட்டில் நின்றார். மாப்பிள்ளை எல்லாவற்றையும் சாப்பிட்டார். முகம் மட்டும் வரவர வெளுத்துக்கொண்டு வந்தது.

நெல்லியடியைத் தாண்டினதும் வல்லை வெளி. சோளகக் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. மரமில்லை, மதிலில்லை, நேரே நெஞ்சில் வந்து மோதும். நிஷானி தலையைக் குனிந்துகொண்டு கூடைச் சைக்கிளில் போய்க்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை ஒரு மிதிக்கு ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு அப்போதுதான் பெரிய ஆறுதலாக இருந்தது, படத்தில் காட்டிய மலையை எப்படியோ கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், தம்பி இதுதான் எங்கள் மலை, இந்த ஏற்றம் முடிய வீடுதான் என்று உற்சாகப்படுத்தினேன். அவர் திரும்பி, ஓம் மாமா என்று சிரிக்கப் பார்த்தார். அந்த நேரம் செபநாயகம் அண்ணையின் சாரம் சங்கிலிக்குள் போனது. சப்பாத்து வேறு மிதியோடு கொழுவியிருந்தது. சைக்கிளும் சாரமும் அவருமாக ஒன்றாய்ச் சரிந்து உப்புச் சேற்றுக்குள் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே கூழ் முதல் இடியப்பம் வரைக்கும் தலைகீழ் வரிசையில் வெளியே வந்தது.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தவர் இறங்கி அவரைத் தூக்கி வைக்கோலுக்கு மேலே கிடத்தினார். நிஷானி திரும்பி வந்து வைக்கோல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அவள் தண்ணீர் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் விசாரணை வைத்தாள்.

"எந்த வீட்டிலை உங்களுக்கு வயிறு நிறைஞ்சது?"

"முதல் வீட்டிலை."

"பிறகேன் சாப்பிட்டனீங்கள்?"

"அவை ஆசையாத் தந்தவை."

"மலை இல்லையெண்டு தெரியுமோ?"

"தெரியும். ஒரு சாண் எண்டு மூலையிலை எழுதியிருந்தது. மாமா கஷ்டப்பட்டுக் கீறினவர், எப்பிடிச் சொல்லுறது?"

அக்கா, என் வாழ்நாளில் ஒருவரும் நான் கீறிய படத்தின் மூலையை வாசித்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மருமகன் கிடைக்க நான் என்ன தவம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு வைக்கோலுக்குப் பின்னால் வீடு வந்து சேர்ந்தேன். வந்து முகம்கூடக் கழுவவில்லை, அதற்குள் நிஷானி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அப்பா, இல்லை எண்டு சொல்லத் தெரியாத ஒராளோடை நான் பிறந்த நாள் தொடக்கம் இருக்கிறன். இன்னொராள் எனக்கு வேண்டாம்."

அவ்வளவுதான். கலியாணப் பேச்சு முறிந்தது. அந்தப் பெடியனுக்கு இன்னும் தெரியாது. மூன்று நாளாக விறாந்தைக் கட்டிலில் படுத்திருந்து, என் மனைவி ஊற்ற ஊற்றக் கஞ்சியைக் குடித்து, ஒவ்வொரு கோப்பைக்கும் நன்றி சொல்கிறார். அவருக்கு எதிரில் போய் நின்றால் எனக்கு வாய் வருகுதில்லை. நேற்று மூன்று தரம் சொல்லப் போய் மூன்று தரமும் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். ஆகையால் நீங்கள்தான் அவருடைய தாயிடம் போய்ப் பக்குவமாகச் சொல்லவேண்டும். பிழை முழுவதும் என்னுடையது என்று சொல்லுங்கள், சோளகக் காற்றிலும் கொஞ்சம் பழி போடலாம்.

உங்களிடம் மறைக்கக்கூடாது, இன்னொன்றும் சொல்கிறேன். அவள் வேண்டாம் என்று சொன்னபோது எனக்குத் துக்கத்துக்கு உள்ளே ஒரு சந்தோசமும் வந்தது. அவள் பேர்ணுக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் ஓம் சொல்லிச் சொல்லியே அழிந்துபோவோம். அவள் இருக்கிறபடியால்தான் கேற்றைப் பூட்டவாவது ஆளிருக்கிறது. தகப்பன் நினைக்கிற நினைப்பா இது என்று வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் அந்த இரவு நன்றாக நித்திரை வந்தது.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். குளிருக்குக் கால்மேசு போடாமல் படுக்கவேண்டாம். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டையும், முறிந்த பேச்சைச் சொல்லப்போகிற உங்கள் வாயையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
எட்வேர்ட்

பி.கு. (புதன், பின்னேரம்): அக்கா, மேலே உள்ளதை வாசிக்க முதல் இதை வாசியுங்கள். அந்தத் தாயிடம் போகவேண்டாம். தங்களை மட்டும் விட்டுவிட்டோம் என்று சாவகச்சேரியில் இருக்கிற மனைவியின் ஆட்கள் குறைப்பட்டார்கள். அவர்களுக்கும் ஓம் சொல்லிவிட்டேன். இன்று காலை அந்தப் பாதையையும் கீறிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லை மாமா. நான் வரமாட்டன்," என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த நிஷானி முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள். இன்னொருக்கால் சொல்லச் சொன்னாள். அவர் இன்னொருக்கால் சொன்னார், இந்தமுறை கஞ்சியையும் சேர்த்து வேண்டாம் என்றார். அவள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போனாள்.

பின்னேரம் வந்ததும் நேரே என்னிடம் வந்து, "அப்பா, நான் அவ்வளவு தூரம் போறதிலை உங்களுக்குச் சம்மதமோ?" என்று கேட்டாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஓம் என்று சொல்லிவிட்டேன்.