கொல்லிமலைக்கு நங்கூரம் கொண்டு போனவர்

கச்சான் பாயைப் போல இன்னொரு மனிதரை ஆண்டவன் படைக்கவே மாட்டான். இந்த ஒருவரைச் சமாளிக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை.

கச்சான் என்பது எங்கள் கரையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றின் பெயர். கிளம்பிவிட்டால் எதிரே ஆள் நிற்க முடியாது. பாய் பேச ஆரம்பித்தாலும் அதே கதிதான். கோட்டைப்பட்டினத்தில் யாரோ எப்போதோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரான ஜெகதாப்பட்டினத்தில், கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஆபீஸில் எனக்கு வேலை. இரண்டு விஷயங்களில் நான் ரொம்பக் கறார். டோக்கன் புத்தகத்தில் பொய் எழுத மாட்டேன். காலை ஆறு மணி டீயை எவனுக்காகவும் தள்ளிப்போட மாட்டேன். என் கல்யாணத்துக்கு முகூர்த்தமே ஆறு மணிக்குத்தான் வைத்திருந்தார்கள். டீ குடித்துவிட்டுத்தான் தாலி கட்டினேன். அந்தக் கோபம் என் மாமியாருக்கு இன்னும் தீரவில்லை.

பாய்க்குச் சொந்தமாக ஒரு போட்டு. அவரே டிரைவர். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வளைகுடாவிலிருக்கும் இரண்டு மகன்களும் வாரம் தவறாமல் வீடியோ காலில் வந்து, "போதும் அத்தா, போட்டை வித்துட்டு அறந்தாங்கிக் கடையில ஒக்காருங்க" என்று பாடம் எடுப்பார்கள். மகன்கள் பணம் போட்டு வைத்த அந்தக் கடையில் விற்பது செல்போன் கவர். முப்பத்தைந்து வருடம் அலையில் சுக்கான் பிடித்த மனிதரைப் பூப்போட்ட கவர் விற்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அவர் மனைவி ஜொகரா அக்காவும் மகன்கள் கட்சிதான். ஒருநாள் சண்டை முற்றியபோது அக்கா கையிலிருந்த செல்போனில் எவனோ ஒரு வாலிபன் மலைப்பாதையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். அதை அப்படியே பாயின் மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

"தெம்பு இருக்கு, தெம்பு இருக்குங்கிறீங்கள்ல? இந்தா, இவனாட்டம் இங்கிருந்து சைக்கிள்லயே போயி ஒரு மலையில ஏறி எறங்கி வாங்க. வந்துட்டீகன்னா, கடலுக்குப் போகாதீங்கன்னு இனி வாயத் தெறக்க மாட்டேன்."

ஆனை பறந்தால் பார்க்கலாம் என்கிற அர்த்தத்தில் அக்கா சொன்னது அது. பாய் அதை அச்சாரமாக வாங்கிக்கொண்டார்.

"எந்த மலை?"

"எந்த மலையோ! எங்கிட்டாவது ஏறுங்க!"

ராத்திரி யோசித்த அக்கா, காலையில் நிபந்தனைகளோடு வந்தார். வேறு எந்த வண்டியிலும் ஏறக்கூடாது. மலையில் இறங்கித் தன் சைக்கிளைத் தள்ளக்கூடாது. தோற்றால், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற அன்றைக்குப் போட்டை விற்றுவிட வேண்டும். சாட்சிக்குப் பொய் சொல்லாத ஒரு ஆள் கூடவே போக வேண்டும்.

"டோக்கன் சாரு போகட்டும்" என்றார் அக்கா.

பொய் சொல்லாதவன் என்று பெயர் எடுத்ததற்காக அன்றைக்கு வருத்தப்பட்ட மாதிரி நான் என்றுமே வருத்தப்பட்டதில்லை. என் தொப்பையைக் காட்டினேன். மூட்டு வலி என்றேன். "நீங்க மலையைத் தூக்கவா போறீங்க? பாக்கத்தானே போறீங்க" என்று பாய் என் வாயை அடைத்துவிட்டார்.

தடைக்காலம் தொடங்கியது. போட்டுகள் எல்லாம் கரையில் சும்மா நின்றன. பாயின் திட்டமிடல் என் ஆபீஸ் மேஜையில் ஆரம்பமானது. தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்தார். ஸ்கேல் வைத்தார். கோட்டைப்பட்டினத்திலிருந்து கொல்லிமலைக்குச் சர்ரென்று ஒரே நேர்கோடு இழுத்தார்.

"வடமேற்கு. முந்நூத்தி இருபத்தஞ்சு டிகிரி. பிடிச்சா நேரா மலைதான்."

"பாய், இது கடல் இல்ல. நடுவுல காவிரி ஓடுது."

"ஓடட்டும். எங்கிட்டாவது பாலம் கெடக்கும்ல?"

"மலையில ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும் பாய். எழுபது கொண்டை ஊசி வளைவு."

"எதுக்கு வளையுது?"

"ஏறணும்ல?"

"ரோடு போட்டவனுக்கு நேராப் போடத் தெரியல. அதுக்கு நாம என்ன செய்றது?" என்றவர், அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஸ்கேலில் அளந்து ஆறேழு கிலோமீட்டர் என்று குறித்துக்கொண்டார். அதற்கு ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், நாலு வாழைப்பழம் என்று சரக்கும் ஒதுக்கினார். அந்தப் பேப்பரை அன்றைக்கே நான் கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

புதுக்கோட்டையில் போய் ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கினோம். இருபத்தோரு கியர் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"போட்டுக்கு முன்னால, பின்னால, நியூட்ரல், மூணுதான். மீதிப் பதினெட்டு எதுக்கு? சரி, இதுல பின்னால போறது எது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன்.

அடுத்து பயிற்சி. எங்கள் கரையில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒரு வேகத்தடைதான் உண்டு. பாய் அசரவில்லை. "மலைன்னா என்ன சார்? நம்மளை எதுத்து நிக்கிது. காத்தும் எதுத்துத்தானே நிக்கிது!" அந்த மாதங்களில் தெற்கேயிருந்து சோழகக் காற்று மூஞ்சியில் அறையும். தினமும் விடிந்ததும் அந்தக் காற்றுக்கு எதிராகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல் வரைக்கும் மிதிக்க வேண்டும். வெறுமனே மிதித்தால் போதாதாம். ஐஸ் பிளாண்டிலிருந்து பாதி ஐஸ் பாரை வெட்டிச் சாக்கில் சுற்றி கேரியரில் கட்டினார்.

"இது எதுக்கு பாய்?"

"சாப்பாட்டு மூட்டைக்குப் பதிலா. திங்கத் திங்க மூட்டை கொறையும்ல? ஐஸும் போகப் போகக் கரையும். கணக்கு சரியா வரும்."

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அதுதான் பாயிடம் இருக்கும் பெரிய தொந்தரவு. பைத்தியக்காரத்தனத்திலும் ஒரு நியாயம் இருக்கும். எனக்கும் ஒரு துண்டு ஐஸ் கட்டினார். அது கரைந்து என் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருக்க, நான் ஊருக்குள் வந்து இறங்கும்போது டீக்கடையில் இருந்தவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

மூட்டை கட்டிய அன்று வீடே சந்தை மாதிரி இருந்தது. போட்டிலிருந்து கழற்றிய ஜிபிஎஸ் பெட்டி, அதற்கு ஒரு பேட்டரி, கருவாடு, இரண்டு லைஃப் ஜாக்கெட், முப்பது பாகம், அதாவது ஐம்பது மீட்டருக்கு மேல் நைலான் கயிறு. கடைசியாக ஒரு சின்ன நங்கூரம்.

"பாய்! மலைக்கு நங்கூரமா?"

"எறக்கத்துல பிரேக் அறுந்துச்சுன்னா? ஒங்க தொப்பையை வச்சா நிறுத்துறது?"

கடலுக்குக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. மலைக்குக் கிளம்பினவரையும் ஜொகரா அக்கா கூப்பிடவில்லை. கையில் எதையோ வைத்துக்கொண்டு வாசலிலேயே தவித்துக்கொண்டு நின்றார். ஐந்து கிலோமீட்டர் தாண்டியதும் போன் வந்தது. "பிரஷர் மாத்திரையை விட்டுட்டுப் போயிட்டீக. அறந்தாங்கியில வாங்கிக்கங்க." எதிர்க்கட்சித் தலைவியின் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

மூன்று நாள் சமவெளி. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரோட்டில் போகும் எங்களைப் பார்த்து லாரிக்காரர்களே பயந்து ஒதுங்கினார்கள். காவிரிப் பாலத்தில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். "வெள்ளம் ஏதும் வருதாய்யா?" என்று அவர் கேட்க, "இன்ஷா அல்லா வராது" என்று பாய் உறுதி கொடுத்தார்.

நாலாம் நாள் காலையில் மலையடிவாரம். பாய் அண்ணாந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், வரைபடத்துல இது தட்டையால்ல இருந்துச்சு?"

பிஸ்மி சொல்லி ஏறினோம். பத்தாவது வளைவில் வாழைப்பழம் தீர்ந்தது. பதினெட்டில் தண்ணீர் தீர்ந்தது. ஆறேழு கிலோமீட்டர் என்று அளந்த பாதை, ரோட்டில் இருபதுக்கும் மேலே. வளைவுக்கு வளைவு நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். ஒவ்வொரு நம்பரும் என்னைப் பார்த்துச் சிரித்தது. முப்பத்தொன்றாவது வளைவில் என் கால்கள் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டன. ரோட்டோரம் மல்லாந்தேன்.

அந்த நேரம் பார்த்து மேலே போகிற ஒரு காலி பிக்கப் வேன் வந்து நின்றது. டிரைவர் நல்ல மனிதர். "சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு பேரும் ஏறுங்க. மேல விட்டுடுறேன்" என்றார்.

நான் எழுந்து பாயின் காதைக் கடித்தேன். "பாய், ஏறிடுவோம். சாட்சி நான்தானே? அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆமாம், நானேதான் சொன்னேன். டோக்கன் புத்தகத்தில் ஒரு எழுத்துப் பொய் எழுதாத நானேதான்.

பாய் கோபப்படவில்லை. "போட்டு போயிடும் சார், அது தெரியும். ஆனா பொய்யச் சொல்லிட்டு அவ கையால எப்படி சார் சோறு திங்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. வாய் முந்திக்கொண்டு, "வேணாம் தம்பி, நீங்க போங்க" என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டது. சொன்ன வாயை அடுத்த முப்பத்தொன்பது வளைவுக்கும் திட்டிக்கொண்டே போனேன்.

"நீங்க மட்டும் மிதிச்சு மேல போங்க பாய். நான் இங்கயே கெடக்கேன்."

"கடல்ல பக்கத்துப் போட்டு எஞ்சின் நின்னுபோச்சுன்னா விட்டுட்டா வருவோம்? கட்டி இழுத்துட்டு வாரதுதான் மொறை. எந்திரிங்க சார்."

அதற்கப்புறம் அந்த மனிதர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இருப்பதிலேயே சின்ன கியரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வளைவு வரைக்கும் தன் சைக்கிளை மிதித்தார். அங்கே அது உருண்டு வராமலிருக்கப் பாறையிடுக்கில் நங்கூரத்தை மாட்டிக் கயிற்றால் கட்டினார். நடந்து கீழே வந்தார். என் சைக்கிளை அவர் தள்ள, நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். மறுபடி தன் சைக்கிளில் ஏறினார். மறுபடி நங்கூரம். மறுபடி கீழே. "ஏலேலோ ஐலசா" என்று அவர் சத்தம் போட, மரத்திலிருந்த குரங்குகள் எங்களை வேடிக்கை பார்த்தன. வழியில் மிளகு மூட்டையோடு வந்த ஒரு மலைக்காரப் பெண் பார்க்கச் சகிக்காமல் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "யாரு பெத்த புள்ளைகளோ" என்றாள்.

அறுபத்தைந்து, அறுபத்தெட்டு, எழுபது!

எழுபதாவது வளைவைத் தாண்டியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாய் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஒரு கத்துக் கத்தினார். வலை நிறைய இறால் வந்தால்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. நானும் கத்தினேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலேயே அழுதேன். பாய் ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்து, வீடு இருக்கும் திசைக்குத் திரும்பி நின்று போன் போட்டார்.

"ஜொகரா! ஏறிட்டேன்டி!"

அந்தப் பக்கத்திலிருந்து, "மாத்திரை போட்டீகளா?" என்று கேட்டது.

எட்டாம் நாள் ஊர் திரும்பினோம். தடைக்காலத்தில் வேலையில்லாமல் கிடந்த சனம் மொத்தமும் ரோட்டில் நின்றது. வெடி வெடித்தார்கள். பாயின் கழுத்தில் மாலை, நங்கூரத்துக்கும் ஒரு மாலை. வாசலில் ஜொகரா அக்கா நின்றார். புருஷனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"உள்ளதைச் சொல்லுங்க சார். வண்டியில ஏறினாரா?"

"இல்லக்கா."

"எறங்கித் தள்ளினாரா?"

"தள்ளினாருக்கா" என்றேன். அடுத்த வெடியைக் கொளுத்தப் போனவன் தீக்குச்சியை ஊதி அணைத்தான். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு சைக்கிளை இல்லக்கா. என் சைக்கிளை. நான் விழுந்துட்டேன். முப்பத்தொம்பது வளைவு, அவரு சைக்கிளை மிதிச்சு ஏறி, எறங்கி வந்து, என்னையும் ஏத்தினாரு. அவரு மலையை ரெண்டு தடவை ஏறியிருக்காருக்கா."

ஊரே விசிலடித்தது. பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இவுக தெம்பு எனக்குத் தெரியாதா சார்? எவன் போட்டு நின்னாலும் கட்டி இழுத்துட்டு வந்துருவாக. இவுக போட்டு நின்னுபோச்சுன்னா, வரலையேன்னு பாக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்ல? அந்தப் பயம்தான்."



தடைக்காலம் முடிந்த அன்று முதல் டோக்கனைக் கச்சான் பாய்க்குத்தான் எழுதினேன். இப்போதும் அவர்தான் சுக்கான் பிடிக்கிறார். அறந்தாங்கியில் செல்போன் கவரை வேறு யாரோ விற்கிறார்கள். பாய் கடலுக்குப் போய்த் திரும்புகிற நாட்களில், காலை ஆறு மணிக்கு டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"இருங்க" என்பேன். "பாய் போட்டு வந்து கயிறு கட்டட்டும்."