சுவிஸிலிருந்து வந்த வேகப்பந்து

ஆள் பார்த்துத் தெரிவுசெய்வதில் என்னைப்போல மடையன் லண்டனில் இன்னொருவன் இல்லை. எங்கள் வீட்டில் குழாய் திருத்த ஆள் பிடிப்பதென்றாலும் மனைவிதான் பிடிப்பாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதோடு சரி. (அதுவும் சீனி எவ்வளவு என்று அவளைக் கேட்டுத்தான்.) என் அதிகாரம் இப்படிப் பறிபோனதற்குக் காரணம் ஒரு கிரிக்கெட் இறுதியாட்டம்.

இரண்டாயிரங்களின் நடுவில் வெம்பிளிப் பக்கம் எங்களுக்கு ஒரு அணி இருந்தது. நான் அதன் செயலாளர். (விளையாட ஏலாதவனுக்கு வேறென்ன பதவி கொடுப்பார்கள்?) எட்மண்டன்காரரோடு இறுதியாட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, சுவிஸிலிருந்து தயா என்றொரு பெடியன் பக்கத்துக் கிங்ஸ்பரிக்குக் குடிவந்தான். எந்த அணியிலும் சேராதவன். கார் விடும் இடத்தில் டென்னிஸ் பந்தால் குப்பைத் தொட்டியை மூன்றுதரம் விழுத்திக் காட்டினான். நாலாவதாக விழுந்தது நான்.

உடனே கூட்டம் கூட்டினேன். கப்டன் நேசன் அண்ணை மீன் றோல்ஸைக் கடித்தபடி கேட்டார்:

“சுவிஸில ஆரடா கிரிக்கெட் விளையாடினது?”

“அண்ணை, திறமைக்கு விசா தேவையில்லை.”

“சரி, இவனை எடுத்தா ஆரை நிப்பாட்டுறது?”

எல்லோரும் தங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்கள். நிறுத்த வேண்டியது சிவத்தை. வேகம் கிடையாது, ஆனால் நேராகப் போடுவார். மழையென்றாலும் வந்து நிற்பார். போதாததற்கு என் மனைவியின் தமையன்.

“மச்சான், நீங்கள் இந்தமுறை ஸ்கோர் எழுதுங்கோவன்” என்றேன். அவர் ஸ்கோர் கொப்பியை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி பேசினாள். “அண்ணையை நிப்பாட்டிப்போட்டுத் தோத்தியளெண்டால் நான் உங்களோட கதைக்கமாட்டன்.”

“கப்போட வாறன், பாரும்!”

இறுதியாட்டத்தில் தயாவைக் கடைசி ஓவருக்கென்று ஒளித்து வைத்தோம். (என் யோசனைதான்.) எட்மண்டனுக்கு ஒன்பது ஓட்டம் தேவை. மற்றப் போலர்களின் ஓவர்கள் முடிந்துவிட்டன. தயா ரயில்போல ஓடிவந்தான். முதற்பந்திலேயே நடு விக்கெட் பறந்தது! நான் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். விட்டுப் பார்த்தால், அம்பயர் ஒரு கையை நீட்டியபடி நிற்கிறார். நோபோல். கையை மடக்கி எறிகிறானாம்.

இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும். ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்கு ஒரு ஓட்டம்; ஆறு பந்து ஓவரில் ஒரு பந்துகூடக் கணக்கில் வரவில்லை. கார் விடும் இடத்தில் நான் பந்து போன இடத்தைத்தான் பார்த்தேன், கை போன வழியைப் பார்க்கவில்லை.

நேசன் அண்ணை மைதானத்தின் நடுவிலிருந்து கத்தினார், “டேய், இவன் அங்க என்னடா விளையாடினவன்?”

தயாவே பதில் சொன்னான். “ஹேண்ட்போல், அண்ணை, பந்தைக் கையால கோலுக்குள்ள எறியிறது! என்ன விளையாட்டெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே!”

எட்டு நோபோல். இன்னும் ஒரே ஒரு ஓட்டம். நான் ஸ்கோர் மேசைக்கு ஓடி, சிவத்தின் முன்னால் நின்று கெஞ்சினேன்.

“மச்சான், பிழை என்னிலதான். அடுத்த வருசம் நீங்கள்தான் எங்கட முதல் போலர். தங்கச்சியிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ.”

எனக்குப் பின்னால் அம்பயரின் குரல் கேட்டது. சிவம் பென்சிலை எடுத்தார்.

“தள்ளி நில்லும், நோபோல் எழுதோணும்.”