பத்து வருஷம் சார் தேடிய பிரமுகர்

போடாத கையெழுத்தாலேயே புகழ் பெற்ற மனிதர் இந்தத் தாம்பரத்தில் ஒருவர்தான் உண்டு. எங்கள் கீழ் போர்ஷன் வக்கீல். அவர் பெயர் வீட்டு ஓனருக்கே மறந்துபோயிருக்கும். ஊருக்கு அவர் 'பத்து வருஷம்' சார்.

கோர்ட் வாசலில் அவர் மேஜையைப் பார்த்து யாராவது, "நோட்டரி நீங்கதானா சார்?" என்று பத்திரத்தை நீட்டினால் போதும். "இல்லம்மா. நோட்டரி ஆகணும்னா வக்கீலா பத்து வருஷம் முடிச்சிருக்கணும். அப்புறம் கவர்ன்மெண்டுக்கு அப்ளை பண்ணணும், இன்டர்வியூ உண்டு. எல்லாம் முடியட்டும், வாங்க" என்பார். வந்தவர்களுக்கு அன்றைக்கே வேலை முடிய வேண்டும் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது.

ஆனால் வீட்டில் ஒத்திகை தினமும் நடக்கும். மகளின் ராங்க் கார்டில் மனைவி கையெழுத்துப் போட்டால் எதிரே நிற்கவைத்து விசாரிப்பார்.

"இது உன் கையெழுத்துதானா? சுய நினைவோட, யார் கட்டாயமும் இல்லாமப் போட்டியா?"

"கணக்குல இவ வாங்கின மார்க்கைப் பார்த்ததுமே சுய நினைவு போயிடுச்சுங்க. ஆளை விடுங்க!"

ஒருவழியாகப் பத்து வருஷம் முடிந்தது. விண்ணப்பத்தில் மாஜிஸ்திரேட், பேங்க் மேனேஜர், வியாபாரி, அப்புறம் உள்ளூர்ப் பிரமுகர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், ஒரு பிரமுகரைத் தவிர. தெருமுனை பேனரில் கைகூப்பிச் சிரிப்பவர் தானாகவே முன்வந்தார். இவர் வேண்டாமென்றுவிட்டார்.

"பேனரை அவரே வெச்சுக்கறார் சார். பிரமுகர்னா அடுத்தவங்க சொல்லணும்."

நான் அப்போது வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பவன் என்பதால் தெருவே என்னை வேலை வாங்கியது. தண்ணீர் லாரி வரவில்லையா, கரண்ட் போய்விட்டதா, எதிர்வீட்டு மாமிக்கு மாத்திரையா, கூப்பிடு என்னை. சிரித்துக்கொண்டேதான் செய்தேன். உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போயிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளுத்துகிற வெயிலில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் விண்ணப்பத்தோடு மாடியேறி வந்தார் நம் வக்கீல். "பிரமுகர்னு போட்டிருக்கில்ல, அங்க போடுங்க சார். என் முன்னாடியே போடுங்க."

மேடவாக்கத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனன் எட்டிப் பார்த்தான். "பிரமுகரா? சார், மாமாவுக்கு வேலையே இல்ல. இன்டர்வியூல நோண்டிக் கேட்டா உங்க சான்ஸ் போயிடும். இத்தனை வருஷம் காத்திருந்ததெல்லாம் வேஸ்ட்."

எனக்கும் அதே பயம்தான். "அவன் சொல்றது சரி சார். வேற ஆளைப் பாருங்க" என்றேன்.

"எதுக்கு? தண்ணி வரலேன்னா இந்தத் தெரு யார் வீட்டு பெல்லை அடிக்குது? பேனர்காரர் வீட்டு பெல்லையா? போடுங்க சார்!"

போட்டேன். பயத்தில் போட்ட என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இன்டர்வியூவில் கேட்டே விட்டார்களாம், "இந்தப் பிரமுகர் என்ன பண்றார்?" என்று. ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். நம் ஆளா? "இப்போதைக்கு வேலை இல்லீங்க ஐயா. ஆனா அவர் ரெண்டு நாள் ஊர்ல இல்லேன்னா எங்க தெரு தவிச்சுப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். அவரை நோட்டரியாக்கி ஆர்டர் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்ததும் மைத்துனனுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

எனக்கு ஊரப்பாக்கத்தில் வேலை கிடைக்க அதற்கப்புறமும் நாளாயிற்று. அலைந்த இடத்திலெல்லாம் "இப்போ என்ன பண்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அவர் என்னைப் பற்றிச் சொன்ன பதிலை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தலைநிமிர்ந்து பதில் சொன்னேன். மகராசன், நன்றாக இருக்கட்டும்.