ஒரு வேன் நிறையத் தெரியாதவர்கள்

சீருடை மாட்டிய முதல் சில மாதங்களில் யாரும் முழு மனிதராக நடந்துகொள்வதில்லை. நான் நடந்துகொள்ளவில்லை என்பதற்கு ஒரு வேன் நிறையச் சாட்சிகள் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா அம்மாவுக்குக் குமராட்சிப் பக்கம் கூலிக்கு வயல் வேலை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. அந்த வீட்டிலிருந்து கிளம்பி, சிதம்பரத்தில் டிகிரி, கடலூரில் விமான நிலையப் பயிற்சி என்று படித்து, ஒரு பன்னாட்டு விமான நிலையத்தில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். (பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம்.) ஊரில் கேட்டால் "கிரவுண்ட் ஸ்டாஃப்" என்பேன். மரியாதையாகத் தலையாட்டுவார்கள். வரிசையை நேராக்குவது, சக்கர நாற்காலி தள்ளுவது என்றெல்லாம் நான் விளக்கப் போகவில்லை.

பயிற்சியில் மனப்பாடம் செய்த வரலாற்றை மட்டும் விளக்கினேன். உலகப் போரின்போது வெள்ளைக்காரன் ராணுவ விமானம் இறக்கப் போட்ட ஓடுதளம். பிறகு சிலோனுக்குச் சின்ன விமானம். இன்று சிங்கப்பூர், துபாய், மலேசியா. இறங்கிய விமானம் திரும்பக் கிளம்புவதற்குள் எரிபொருள், சாப்பாடு, பெட்டி, துப்புரவு எல்லாம் எப்படி முடிகிறது என்று அம்மாவுக்கு வகுப்பே எடுத்தேன்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சண்டைக்குப் போட்ட ரோடா? அதான் நம்ம ஊரு ஆம்பளைங்கள்லாம் அது வழியா போயி மாட்டிக்கிறாங்க."

அடுத்து மாட்டவிருந்தவர் அம்மாவின் தம்பி, கலியமூர்த்தி மாமா. மழையிலும் சேற்றிலும் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கு மிதித்தவர். துபாயில் கட்டட வேலை. பல மாதம் இழுத்தடித்து விசா வந்தது. வழியனுப்ப வேன் பேசிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒருவர் வெளிநாடு போனால் தெருவே ஏறிக்கொள்ளும்.

நான் போனில் சொன்னேன்: "வாங்க மாமா. ஆனா ஒண்ணு. யாரும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. சொந்தக்காரங்களோட பேசினா வேல போயிடும். இங்க ரூல் அப்படி."

அப்படி ஒரு ரூல் எங்குமே கிடையாது. என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று சூப்பர்வைசர் மேடம் முடிவு செய்யும் வாரம் அது. அவரிடம் அப்பாவுக்கு "விவசாயம்" என்று சொல்லியிருந்தேன். (ஏக்கர் கணக்கில் நிலம் இருப்பது போன்ற தொனியில்.)

"அவ்ளோதானே தமிழு கண்ணு? நீ யாருன்னே எனக்குத் தெரியாது, போ" என்று சிரித்தார் மாமா.

சொன்னால் சொன்னபடி நடக்கும் குடும்பம் என்பதை நான் மறந்திருந்தேன்.

வாசலில் நான் வரிசையை நேராக்கிக்கொண்டிருக்கிறேன். வேன் வந்து நிற்கிறது. அத்தை இறங்கி என்னைப் பார்த்ததும், கண்ணில் தூசி விழுந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தப்பா வானத்தைப் பார்த்தபடி நடந்து கம்பத்தில் மோதினார். அம்மா மட்டும் இரண்டு முறை என்னைக் கடந்து போய், மூன்றாவது முறை அத்தையிடம் சத்தமாகச் சொன்னாள்: "இந்தப் பொண்ணப் பாரேன், யாரு பெத்த பொண்ணோ, எவ்ளோ எடுப்பா நிக்கிது. சாப்டுச்சோ என்னமோ!"

நான் "வரிசையில் வாருங்கள்" என்றேன். அம்மாவிடம். அதுவும் செந்தமிழில்.

மாமா உள்ளே போனார். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அவருடைய பெட்டி ஸ்கேனிங்கில் நின்றுவிட்டது. பாதுகாப்புக்காரருக்குத் தமிழ் தெரியாது. பேச ஆள் வேண்டும். பெட்டிக்குள் மஞ்சள் துணியில் இறுக்கிக் கட்டிய உருண்டை. குலதெய்வத்தின் முன் வைத்துக் கொடுத்த தேங்காய். விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் அது காய்ந்து கொப்பரையாகியிருந்தது. குலுக்கினால் உள்ளே கடகடவென்றது.

கொப்பரை எண்ணெய்ப் பொருள், தீப்பிடிக்கும், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பயிற்சியில் முதலில் சொல்லித் தந்ததே இதுதான். உண்மையில் இருந்த விதியைச் சொல்லாமல், இல்லாத விதியை ஊருக்கே சொல்லியிருக்கிறேன்.

சூப்பர்வைசர் மேடம் மாமாவின் பெட்டியையும் ரப்பர் செருப்பையும் பார்த்தார். "இந்த மாதிரி ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்றார் என்னிடம், எங்கள் இருவரையும் ஒரே ஜாடையில் செய்திருக்கிறார்கள் என்பது தெரியாமல். நான் தலையாட்டினேன். (ஆமாம், ஆட்டினேன்.)

மாமா என்னிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "மேடம், வெளிய எங்க அக்கா நிக்கிது. சாமி தேங்கா. அதுங்கிட்ட குடுத்துடலாங்களா?"

சூப்பர்வைசர் மேடம் சந்தேகமாக எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்: "உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க. இவங்களப் பாத்தா பெரிய வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்குது. எங்களுக்கெல்லாம் எப்படிங்க தெரியும்?"

குத்திக் காட்டவில்லை அவர். என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேங்காயை வெளியே கொடுக்க விட்டிருப்பார்கள். கேட்கவில்லை. குப்பைத்தொட்டியில் நானே போட்டேன். அது விழுந்த சத்தத்துக்கு மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "வரேங்க மேடம்" என்று போனார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர்.

வெளியே வந்தேன். அம்மா அப்போதும் அந்நியர்தான். "ஏம்மா, உள்ள போன எங்க தம்பி நல்லபடியா போயிட்டானா?"

"போயிட்டாரு."

"நல்லாருப்பம்மா" என்று வேனில் ஏறிவிட்டாள்.

என் வேலை நிரந்தரமானது. நடந்ததையும், அப்படியொரு ரூலே இல்லை என்பதையும் பிறகு ஒருநாள் வீட்டில் உளறிவிட்டேன். அன்று சிரிக்க ஆரம்பித்த அம்மா இன்னும் நிறுத்தவில்லை. மாமா துபாயிலிருந்து கூப்பிட்டால், "மேடம் டூட்டியில இருக்காங்களா?" என்றுதான் தொடங்குகிறார். தேங்காயைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

லீவில் ஊருக்குப் போய்க் கதவைத் தட்டினால், அம்மா உள்ளேயிருந்து கேட்கிறாள்: "யாரும்மா? யாரப் பாக்கணும்?"

"கலியமூர்த்தியோட அக்கா மவ."

"காதுல விழல. தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லு."

சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகுகிறது.