சிவப்புக் குமிழ்ப் பரணி

மின்சாரமே, முதற்கண் உன்னை வணங்குகிறோம். சுவரின் துளைகளுக்குள் ஒளிந்திருந்து, கம்பிவழி ஓடிவந்து, ஆறு நரம்பின் மெல்லிய முனகலை அண்டம் கிடுகிடுக்கும் பெருமுழக்கமாக்கித் தருபவளே, இப்போர்க்கதையைச் சொல்லி முடிக்கும்வரை நீ போய்விடாதிருப்பாயாக. அடுத்து, கேட்போர் யாவரின் செவிப்பறைகளையும் வணங்குகிறோம். அவை படப்போகும் பாட்டுக்கு இப்போதே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க இரும்பன்! நாற்பத்திரண்டு அகவை நிறைந்தும் தோளில் புரளும் கருங்குழலோன். அக்கருமையில் பாதி புட்டியிலிருந்து வந்தது என்பார் வாயை அடைக்கும் வன்பார்வையோன். பதினான்கு மாடிக் கட்டடத்தின் மூன்று லிஃப்டுகளையும் ஒற்றைத் திருப்புளியால் ஆளும் கோமான். வாரத்தில் ஆறு நாள் எஃகுக் கயிற்றுக்கு எண்ணெயிட்டு, ஏழாம் நாள் எஃகு நரம்பை அலறவைத்து, உலோகமன்றி வேறொன்றைத் தொட்டறியாத உலோகக் கையன். அவன் வயிற்றுக்குச் சோறு போடுவது லிஃப்ட். உயிருக்குச் சோறு போடுவது கிட்டார்.

அவன் ஆட்சியில் ஒரு சிறு சூழ்ச்சியும் உண்டு. அதை மறைத்துக் காவியம் பாடுவது முறையன்று. அவன் லிஃப்டுகளில் கதவை மூடுவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அவசரக்காரர்கள் அதைப் பத்துமுறை குத்திக் குத்தி மாதமொருமுறை உடைத்துவந்ததால், மூன்றாண்டுக்கு முன் ஒரு நாள் அவன் அதன் ஒயரைக் கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டான். அன்றுதொட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒளி வரும். கதவோ தனக்குத் தோன்றிய நேரத்தில்தான் மூடும். தாமே மூடியதாக எண்ணி மேலாளர்களும் மருத்துவர்களும் நெஞ்சு நிமிர்த்தி நிற்பதைக் கண்டு இரும்பன் மீசைக்குள் சிரித்துக்கொள்வான்.

எதிர்ப்படைத் தலைவன் யாரெனில், அவன் தங்கையின் கணவன். மெத்தைக் கடையின் முதன்மை விற்பனையாளன். "சும்மா உட்கார்ந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்ற ஒரே வாக்கியத்தால் ஊரில் பாதிப் பேரைப் படுக்கவைத்தவன். வந்தவர் எழுந்து போக மனமின்றிக் கிடப்பதே கலையின் உச்சம் என்று நம்புகிறவன். அவன் இரு கையாலும் கீபோர்டு வாசித்துக்கொண்டே தேன்குரலில் பாடுவான். தங்கையின் கணவன் ஆதலால் அவனை "மாப்பிள்ளை" என்றே அழைக்க வேண்டும். வைவதானாலும் 'ங்க' சேர்த்தே வைய வேண்டும். போர்க்களத்தில் இரும்பனுக்கு வாய்த்த பெரிய இடைஞ்சல் இதுதான்.

இவ்விருவரோடு, டயர்க்கடை நடத்தும் ட்ரம்ஸ்காரரும் சேர, மூவர் கொண்ட மெட்டல் இசைக்குழு எழுந்தது. குழுவுக்குப் பெயர் சூட்டும் நாளிலேயே போர் மூண்டுவிட்டது. இரும்பன் 'வார்ப்பிரும்பு' என்றான். மாப்பிள்ளை 'வெள்ளி நிலா' என்றான். மூன்றாம் நாள் வரை சோர்ந்து கிடந்த டயர்க்கடைக்காரர், உலோகமாகவும் இருக்கட்டும், பளபளப்பாகவும் இருக்கட்டும், எல்லார் வீட்டிலும் நுழையட்டும் என்று 'எவர்சில்வர்' என முடித்துவைத்தார். அன்றிலிருந்து அப்பெயரே அவர்களுக்கு நிலைத்தது.

கடுமையையும் கவர்ச்சியையும் ஒரே கோப்பையில் கலக்கும் இத்தொழில் எளிதன்று. கடுமை மிகுந்தால் கேட்பவர் ஓடுவார். கவர்ச்சி மிகுந்தால் கேட்பவர் தூங்குவார். எவர்சில்வர் வானொலிக்கு அனுப்பிய முதற்பாட்டு, 'சத்தம் அதிகம்' என்ற இரு சொல்லோடு திரும்பியது. அப்போது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இரும்பன் கையில் இருந்தது. இரண்டாம் பாட்டு, 'தாலாட்டு எங்களுக்குத் தேவையில்லை' என்ற குறிப்போடு திரும்பியது. அப்போது குமிழ் மாப்பிள்ளை கையில் இருந்தது. மூன்றாவதும் திரும்பினால் குழுவைக் கலைத்துவிடுவதென்று மூவரும் பேசி வைத்திருந்தார்கள்.

இரும்பனின் நெஞ்சில் வேறொரு முள்ளும் தைத்திருந்தது. இருபதாண்டுகளாக அவன் கிட்டாரை எடுத்த நொடியில் தங்கை எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்துவாள். சண்டையில்லை, சலிப்பில்லை, மழை வந்தால் சன்னலைச் சாத்துவதுபோல் சாத்துவாள். ஆயிரம் பேர் கைதட்டிய மேடையிலும் அவன் காதில் விழுந்தது அந்தத் தாழ்ப்பாள் ஓசைதான். ஒருமுறையேனும் அவள் கதவைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர இவ்வுலகில் அவனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

களம் வகுத்துரைப்போம். சலவைக் கடைக்கு மேல்மாடியில், பஞ்சுச் சுவர் சூழ்ந்த, சன்னலற்ற, ஸ்பிரிங் துருத்திய சோபா ஒன்று கிடந்த ஒலிப்பதிவுக் கூடம் அது. அதன் அரசி, எல்லாக் குழுவினராலும் 'அக்கா' என்று அழைக்கப்படும் ஒலிப்பொறியாளர். பதினேழு ஆண்டுகளாக இசைக்கலைஞர்களோடு ஒரே அறையில் அடைபட்டும் சித்தம் கலங்காத பெருந்தவத்தினள். வேர்க்கடலையைக் கொறித்தபடி, திரையில் கண் பதித்தபடி, மேசை ஓரத்தில் தனியே ஒரு சிறு பெட்டியில் பதித்திருந்த சிவப்புக் குமிழைச் சுண்டுவிரலால் காட்டி அவள் பிரகடனம் செய்தாள்.

"உங்களுக்குன்னு இந்த நாப் வெச்சிருக்கேன். வலது பக்கம் திருப்புனா கிட்டார் ஏறும், இடது பக்கம் திருப்புனா கீபோர்டும் பாட்டும் ஏறும். உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கோங்க. ஆறு மணிக்கு நான் அனுப்பணும்."

மணி அப்போது மூன்றரை.

பாட்டு ஒலித்தது. இரும்பன் கடவுளைத் தொடுவது போல் குமிழைத் தொட்டு, ஒரு கோடு வலப்புறம் நகர்த்தினான். ஆகா! கார்முகில் கிழித்து இடி இறங்கினாற்போல், பூட்டிய கூண்டு திறந்து புலி வெளிப்பட்டாற்போல், அவன் கிட்டார் எழுந்து நின்றதை அவன் செவி தெள்ளத் தெளியக் கேட்டது. மாப்பிள்ளையின் முகம் வாடிற்று. அவன் தண்ணீர்ப் புட்டியை எடுப்பவன்போல் எட்டிக் குனிந்து, முழங்கையால் குமிழை இரு கோடு இடப்புறம் தள்ளினான். ஆகா! கீபோர்டின் பன்னீர்த்தாரை அறையெங்கும் பொழிந்ததை அவன் செவியும் அவ்வாறே தெளியக் கேட்டது. வென்றவன் தண்ணீர் குடிக்க மறந்துபோனான்.

பின் நிகழ்ந்ததை எந்த நாவால் உரைப்பது? இரும்பன் தும்முவது போல் முன்சாய்ந்து மூன்று கோடு மீட்டான். மாப்பிள்ளை அக்காவிடம் மணி கேட்பது போல் சாய்ந்து நான்கு கோடு பறித்தான். நான்கரை மணிக்குச் சூழ்ச்சிப் போர் முடிந்து நேர்ப்போர் தொடங்கியது: எண்ணெய்க்கறை படிந்த விரல்களும் மெத்தையுறை தடவி மழுங்கிய விரல்களும் ஒரே குமிழின் மேல் ஒன்றையொன்று நெரித்து, அரைக் கோடு அங்கும் கால் கோடு இங்குமாக, இரு வேந்தர் எல்லைக் கல்லை மாறி மாறி நட்டுப் பிடுங்குவது போல் நின்றனர். இடையிடையே வீரமொழிகள் வெடித்தன.

"மாப்பிள்ளை, இது மெட்டல் பாட்டுங்க. மெத்தை இல்லைங்க."

"மெட்டல்னாலும் யாராச்சும் கேக்கணும்ல மச்சான். பாதியில எந்திரிச்சு ஓடிட்டா அப்புறம் யாருக்கு வாசிக்கிறது?"

"ஓடுறவங்க ஓடட்டும்ங்க."

"ஓடி ஓடி இப்ப நாம மூணு பேருதான் மிச்சம்."

இது நெஞ்சில் பட்டது. அந்நேரம் சோபாவில் துயில்கொண்டிருந்த டயர்க்கடைக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து நடுநிலை முழக்கம் செய்தார்: "ட்ரம்ஸ் கேக்குதா?" கேட்கிறது என்றனர் இருவரும். "அப்ப சரி" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர் தொடர்ந்தது.

அக்கா ஒருமுறைதான் வாய் திறந்தாள். "இப்ப எப்படி இருக்கு?" என்றாள். குமிழ் அப்போது கால் கோடு வலப்புறம் நகர்ந்திருந்தது. இரும்பன் கண்மூடி, தலை சாய்த்து, லிஃப்ட் கயிற்றில் ஓர் இழை அறுந்தாலும் ஓசையால் அறியும் அந்த அரிய செவியைத் தீட்டி, "இப்பதான்க்கா சரியா கடிக்குது" என்றான். அக்கா தலையசைத்து இன்னொரு கடலையை வாயில் போட்டாள்.

ஐந்து நாற்பதுக்கு, களைத்த கையோடு இரும்பன் வியர்வை துடைக்கப் போன இடைவெளியில், மாப்பிள்ளை குமிழை இடப்புறம் இழுத்து மூன்றாம் கோட்டில் நிறுத்திவிட்டான். "கடைசியா ஒருவாட்டி முழுசா போடறேன். யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள் அக்கா. பாட்டு தொடங்கிய அதே கணம் கதவு திறந்தது. தங்கை நின்றாள். கணவன், வீட்டுச் சாவி இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டதால், ஒன்றைக் கேட்டு வாங்கிப்போக அவள் மாடியேறி வந்திருந்தாள்.

இரும்பனின் குருதி உறைந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்கு இருபதாண்டாகத் தெரியும். இதோ அவள் கை கைப்பிடிக்குப் போகும், இதோ கதவு சாத்தப்படும், இதோ அந்தத் தாழ்ப்பாள் ஓசை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். பாட்டில் முதல் அடி போயிற்று, இரண்டாம் அடி போயிற்று. கதவு சாத்தப்படவில்லை. அவள் நிலையில் சாய்ந்து நின்றாள். கிட்டார் எழுந்து முழங்கியபோதும் அவள் அசையவில்லை. இல்லை, அசைந்தாள்: செருப்புக்குள் அவளுடைய வலது குதிகால், எண்ணி எண்ணி, தாளம் போட்டது.

உலோகக் கையனின் கண்ணில் நீர் முட்டியது. தன் கிட்டார் மூன்றாம் கோட்டுக்கு ஒடுங்கியதால்தான் அவள் நிற்கிறாள் என்று அவன் எண்ணினான். இருபதாண்டு முழங்கியும் திறவாத கதவு, ஒருமுறை அடங்கியதும் திறந்துவிட்டதே என்று வெட்கினான். மண் துறந்த மன்னரும், முடி துறந்த இளவரசரும் ஒருபுறம் ஒதுங்கி நின்று காண, அவன் தன் கையாலேயே குமிழைத் தொட்டு, தன் கிட்டாரை இன்னும் ஒரு கோடு குறைத்தான். "இருக்கட்டும்ங்க மாப்பிள்ளை. நீங்க சொன்னதுதான் சரி" என்றான்.

மாப்பிள்ளையால் இதைத் தாங்க முடியவில்லை. வெற்றி கிடைத்ததும் அதை வைத்து என்ன செய்வதென்று அறியாத நல்ல மனிதன் அவன். "இல்ல மச்சான். நல்லா பாருங்க. உங்க கிட்டார் வரும்போதுதான் அவ காலு ஆடுது" என்று சொல்லி, குமிழை இரு கோடு வலப்புறம் திருப்பினான். இரும்பன் மறுத்து இடப்புறம் திருப்பினான். மாப்பிள்ளை கெஞ்சி வலப்புறம் திருப்பினான். அதுவரை பறிப்பதற்கு நடந்த போர், கணப்பொழுதில் கொடுப்பதற்கு நடக்கும் போராகி, முன்னதைவிடக் கடுமையாயிற்று. இரு பெருந்தகையரும் விட்டுக்கொடுத்த வேகத்தில் இரும்பன் சட்டைப்பையிலிருந்த, கிட்டார் மீட்டும் சிறு வில்லை தெறித்து மேசைக்கடியில் உருண்டது.

அதை எடுக்க அவன் மண்டியிட்டு உள்ளே தலையை நுழைத்தான். தூசி இருந்தது. கடலைத்தோல் இருந்தது. சிவப்புக் குமிழின் பெட்டியிலிருந்து ஓர் ஒயர் இறங்கியது. தொழிற்பழக்கத்தால் அவன் கண் அதைப் பின்தொடர்ந்தது. ஒயர் ஒரு முழம் வந்து, எதிலும் சேராமல், மேசைக்காலோடு ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருந்தது. பெட்டியில் விளக்கு மட்டும் எரிந்தது.

இரும்பன் ஒயரின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தான். மூன்றரை மணியிலிருந்து அந்தப் பாட்டு ஒரு கோடும் ஏறவில்லை, ஒரு கோடும் இறங்கவில்லை. அவன் செவி கேட்ட இடியும் புலியும் எங்கிருந்து வந்தன என்று அவனுக்கு விளங்கியது. நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் மேலாளர்களின் முகங்கள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. அவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அத்தனையும் இப்போது அவன் மீதே வந்து விழுந்தது. அவன் வெளியே வந்தபோது அக்காவின் கண் அவன் கண்ணைச் சந்தித்தது. அவள் மென்றுகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை இன்னமும் குமிழைப் பிடித்துக்கொண்டு, "இது போதுமா மச்சான்?" என்று கவலையோடு கேட்டான். இரும்பன் அவனைப் பார்த்தான். வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தான். "போதும்ங்க மாப்பிள்ளை. ரொம்பச் சரியா இருக்கு. அப்படியே விட்டுருங்க" என்றான். அவன் வாழ்வில் அதைவிடப் பெரிய வீரச்செயல் வேறில்லை என்பதை அந்த அறையில் ஒருத்தி மட்டுமே அறிவாள்.

"கிட்டாரு நல்லா கேக்குதுண்ணா" என்றாள் தங்கை. "சரி, சாவிய குடுங்க."

மணி ஆறு. அக்கா பாட்டை அனுப்பினாள். வானொலியார் என்ன சொல்வார்களோ, எவர்சில்வர் நிலைக்குமோ கலையுமோ, அதை வானமே அறியும். ஆனால் தங்கை படியிறங்கிப் போகையில் அந்த மெட்டை முணுமுணுத்துப் போனதையும், அம்முணுமுணுப்பில் கிட்டாரும் பாட்டும் எது எதுவென்று பிரிக்க முடியாமல் கலந்திருந்ததையும், வீரர்க்கு வீரனும் திருப்புளி வேந்தனும் துறவில் தலைசிறந்தோனுமாகிய இரும்பன், அவள் திறந்தபடி விட்டுப்போன கதவருகே அசையாது நின்று, கடைசிப் படிவரை கேட்டான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அவன் லிஃப்ட் பொத்தானுக்கு ஒயரை மாட்டினான்.